சைப்ரஸ்: பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்போது எதிரிகளானார்கள்?

கிழக்கு மத்தியதரைக் கடல் தீவான சைப்ரஸ் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது: "கிரேக்கர்களும் துருக்கியர்களும் அங்கே முந்நூறு வருடத்துக்கு மேல் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்தவர்கள்தானே? அப்புறம் எப்படி ஒருவரையொருவர் கொன்று குவிக்கும் அளவுக்குப் போனார்கள்? மதம்தான் காரணமா, இல்லை பிரிட்டிஷ்காரன் மூட்டிவிட்டதா?"

மதம் என்பதும் பாதிக் கதை, பிரிட்டன் என்பதும் பாதிக் கதை. இந்த வரலாற்றைப் பல வருடங்களாகப் படித்துவரும் எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டு அகலவே இல்லை. இரண்டு பக்கத்துத் தேசியவாத ஆயுதக் குழுக்களும் எதிர்ச் சமூகத்தோடு பெரிய மோதலில் இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பு தங்கள் சொந்த ஆட்களைக் கொன்றன. அடுத்த வீட்டுக்காரனோடு சேர்ந்தே வாழலாம் என்று சொன்னவர்களைத் தீர்த்துக்கட்டின. 1958 மே மாதத்தில் அது நடந்தது. அந்த மாதம் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

துருக்கியரின் ஒட்டோமான் பேரரசுப் படைகள் 1571-ல் வெனிஸிடமிருந்து தீவைப் பிடித்தன. வந்த வீரர்களில் சிலர் அங்கேயே தங்கினார்கள், அனதோலியாவிலிருந்து குடும்பங்கள் குடியேறின, உள்ளூர்க்காரர்கள் பலர் இஸ்லாத்துக்கு மாறினார்கள். மாறியவர்களில் ஒரு கூட்டம் முழுசாக மாறவில்லை. ஊர் அவர்களை 'லினோபம்பாகி' என்று அழைத்தது. லினன் நூலும் பருத்தி நூலும் கலந்தவர்கள் என்று பொருள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானமும் நடக்கும், சுன்னத்தும் நடக்கும். தேவாலயத்துக்கு ஒரு பெயர், மசூதிக்கு ஒரு பெயர். இவர்கள் எந்த இனம் என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்காது, கேட்கவும் யாருக்கும் தோன்றியிருக்காது.

லுருஜினா என்ற ஊரில் முஸ்லிம்கள் வீட்டில் பேசியதே கிரேக்கம்தான். 1764-ல் வரிச்சுமை தாங்காமல் மக்கள் கிளர்ந்து ஆளுநர் சில் ஒஸ்மானைக் கொன்றபோது கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்துதான் நின்றார்கள். 1891 கணக்குப்படி தீவில் 346 கலப்புக் கிராமங்கள் இருந்தன. 1931-ல் அது 252. 1960-ல் 114. இந்த எண்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். துப்பாக்கி வெடிப்பதற்கு வெகு காலம் முன்பே மக்கள் மெல்ல மெல்ல விலக ஆரம்பித்திருந்தார்கள்.

அதற்காகப் பழைய வாழ்க்கையைப் பொற்காலமாக்கவும் வேண்டாம். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள், ஆனால் அந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். ஒட்டோமான் அரசு மக்களை மதத்தால் பிரித்து ஆண்டது. ஆர்த்தடாக்ஸ் பேராயர்தான் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் தலைவர், அவர்களிடமிருந்து வரி வசூலித்துக் கொடுக்கும் பொறுப்பும் திருச்சபையின் கையில் இருந்தது. 1821-ல் கிரேக்க நாட்டில் விடுதலைப் போர் வெடித்தபோது பேராயர் கிப்ரியானோஸைத் தலைநகர் நிகோசியாவில் ஒட்டோமான் ஆளுநர் தூக்கில் போட்டார். மதத் தலைவரே அரசியல் தலைவர் என்ற அந்த ஏற்பாடு பிற்காலத்தில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது.

1878-ல் தீவு பிரிட்டன் கைக்கு வந்தது. பிரிட்டன் செய்தவற்றில் அதிகம் பேசப்படாதது பள்ளிக்கூட விஷயம். கிறிஸ்தவர்களுக்கு ஒரு பள்ளி, முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி என்று இருந்ததை அப்படியே விட்டார்கள். கிரேக்கப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் ஏதென்ஸிலிருந்து வந்தது. துருக்கியப் பள்ளிகளுக்கு இஸ்தான்புல்லிலிருந்தும், துருக்கிக் குடியரசு உருவான பிறகு அங்காராவிலிருந்தும் வந்தது. ஒரே தெருவில் விளையாடிய இரண்டு பிள்ளைகளில் ஒன்று, துருக்கியரை எதிர்த்து நின்ற மாவீரர்களின் கதையைப் படித்தது. மற்றது, 1922-ல் கிரேக்கப் படையைக் கடலுக்குத் துரத்திய அத்தாதுர்க்கின் கதையைப் படித்தது. ஒருவனின் வெற்றி நாள் இன்னொருவனின் துக்க நாள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவன் 'கிரேக்கன்' ஆனதும் முஸ்லிம் 'துருக்கியன்' ஆனதும் இந்த வகுப்பறைகளில்தான். கொஞ்சம் பின்தங்கித்தான் துருக்கியப் பக்கம் இந்தப் பாதைக்கு வந்தது, ஆனால் வந்து சேர்ந்துவிட்டது.

கிரேக்க சைப்ரியர்களின் கனவுக்கு 'எனோசிஸ்' என்று பெயர், கிரேக்க நாட்டோடு இணைவது. 1931-ல் அந்தக் கோரிக்கையோடு எழுந்த கூட்டம் ஆளுநர் மாளிகையையே எரித்தது. 1950 ஜனவரியில் திருச்சபை நடத்திய வாக்கெடுப்பில் வாக்களிக்கத் தகுதி பெற்ற கிரேக்க சைப்ரியர்களில் சுமார் 96 சதவீதம் பேர் இணைப்பு வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு மூன்றாம் மகாரியோஸ் பேராயரானார். அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். தீவில் ஐந்தில் நான்கு பேர் ஒரு முடிவை விரும்புகிறார்கள், காலனி ஆட்சி முடியாது என்கிறது. 1954-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் அமைச்சர், சில பகுதிகள் ஒருபோதும் முழு விடுதலையை எதிர்பார்க்க முடியாது என்ற பொருளில் பேசினார். 'ஒருபோதும்' என்ற அந்தச் சொல் சைப்ரஸில் தீயை மூட்டியது.

ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்குக்காரர்கள் எனோசிஸ் என்ற சொல்லை எப்படிக் கேட்டார்கள்? அவர்கள் கண்முன்னால் கிரீட் தீவு இருந்தது. அங்கேயும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், வீட்டில் கிரேக்கம் பேசியவர்கள். கிரீட் கிரேக்கத்தின் பக்கம் சாயச் சாய அவர்கள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள். 1923-ல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே நடந்த மக்கள் பரிமாற்றத்தில் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். அந்தப் பரிமாற்றத்தில் பன்னிரண்டு லட்சம் அளவில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் நான்கு லட்சம் அளவில் முஸ்லிம்களும் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். சைப்ரஸ் பிரிட்டன் கையில் இருந்ததால் மட்டுமே தப்பியது. ஆகவே கிரேக்கர் எனோசிஸ் என்றால் துருக்கிய சைப்ரியர் காதில் 'வெளியே போ' என்று விழுந்தது. இந்தப் பயத்தைக் கிரேக்கத் தலைமை ஒரு நாளும் பொருட்படுத்தவில்லை. அந்தக் காலத்து மகாரியோஸின் மிகப் பெரிய தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

1955 ஏப்ரல் 1 அன்று, எனோசிஸுக்காக ஆயுதம் ஏந்திய ஈயோகா என்ற அமைப்பு முதல் குண்டுகளை வெடித்தது. நடத்தியவர் சைப்ரஸில் பிறந்து கிரேக்க ராணுவத்தில் கர்னலாக இருந்த கிரிவாஸ். குறி பிரிட்டிஷ் ஆட்சிதான். பிரிட்டன் அதற்கு இரண்டு வகையில் பதில் தந்தது. முதலாவது, துருக்கியையும் கிரேக்கத்தையும் லண்டனில் ஒரே மேசையில் உட்காரவைத்து, சைப்ரஸ் துருக்கிக்கும் உரிய பிரச்சினை என்று ஆக்கியது. அந்த மாநாடு நடந்த அதே நாட்களில், 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில், இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. இரண்டாவது, தீவில் துணைப் போலீஸ் படைக்குத் துருக்கிய சைப்ரியர்களைப் பெருமளவில் சேர்த்தது. ஈயோகா போலீஸ்காரனைச் சுட்டால், இறந்தவன் காலனி அரசின் ஆள் என்று ஈயோகா சொன்னது. அவன் ஊரிலோ ஒரு துருக்கிய வீட்டில் சாவு விழுந்தது. பிரிட்டன் இந்த விளைவை அறியாமல் செய்தது என்று நம்ப எனக்கு இடமில்லை.

துருக்கியப் பக்கத்தில் டி.எம்.டி என்ற ரகசிய அமைப்பு வந்தது. அதன் முழக்கம் 'தக்சிம்', அதாவது பிரிவினை. பிரிவினைக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு மக்களும் சேர்ந்து வாழவே முடியாது என்று உலகத்துக்குக் காட்டியாக வேண்டும். அப்படிக் காட்டுவதற்குத் தடையாக இருந்தவர்கள் யார்? சேர்ந்தே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள்.

முக்கியமாகத் தொழிலாளர்கள். 1948-ல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சுரங்கங்களில் கிரேக்க, துருக்கியத் தொழிலாளர்கள் சேர்ந்து நான்கு மாதம் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். இடதுசாரித் தொழிற்சங்கமான பி.இ.ஓ-வில் இரு தரப்பும் உறுப்பினர்கள். 1958 மே 1 அன்றும் ஒன்றாகத்தான் ஊர்வலம் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து வேட்டை தொடங்கியது. மே 22-ல் சங்கத்தின் துருக்கியப் பிரிவைக் கவனித்துவந்த அஹ்மத் சாதி மீது சுட்டார்கள், அவர் உயிர் பிழைத்தார். மே 23-ல் லெஃப்கோனிகோ ஊரில் சாவாஸ் மெனிகோஸ் என்ற கிரேக்க இடதுசாரியைத் துரோகி என்று சொல்லி, தேவாலய வளாகத்தில் மரத்தில் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள் ஈயோகாக்காரர்கள். மே 24-ல் நிகோசியாவில் பத்திரிகையாளர் ஃபாசில் ஒன்டெரை டி.எம்.டி கொன்றது. அவர் துருக்கியர், இடதுசாரி. தேதிகளைப் பாருங்கள். ஒருவரையொருவர் ஜென்மப் பகைவர் என்று சொல்லிக்கொண்ட இரண்டு அமைப்புகள், அடுத்தடுத்த நாட்களில், ஒரே வகையான மனிதர்களைக் கொன்றிருக்கின்றன. அதற்குப் பிறகு துருக்கியத் தொழிலாளர்கள் சங்கத்திலிருந்து விலகுவதாகப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்தார்கள். உயிருக்குப் பயந்தவன் வேறென்ன செய்வான்?

ஜூன் 7 அன்று நிகோசியாவில் துருக்கியச் செய்தி அலுவலகத்தில் குண்டு வெடித்தது. கிரேக்கர்கள் வைத்தது என்று கலவரம் மூண்டது. துருக்கிய சைப்ரியர்களின் தலைவராக விளங்கிய ரவூஃப் டெங்க்தாஷ், அதை வைத்தது தன் நண்பர் ஒருவர்தான் என்று பிற்பாடு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அதே ஜூன் மாதம் கியொன்யெலி அருகே எட்டு கிரேக்கர்கள் கொல்லப்பட்டார்கள். முதல் தடவையாகப் பெரிய அளவில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஊரைக் காலி செய்து தங்கள் ஆட்கள் இருக்கும் பகுதிக்கு ஓடியது அந்தக் கோடையில்தான்.

அந்தச் சமயத்தில் துருக்கியப் பகுதிகளில் 'குடிமகனே, துருக்கிய மொழியில் பேசு' என்று ஓர் இயக்கம் நடந்தது. வாய் தவறி ஒரு கிரேக்கச் சொல் வந்தால் அபராதம். லுருஜினா கிழவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள், தாலாட்டுக்கூட கிரேக்கத்தில்தான் அவளுக்குத் தெரியும். கிரேக்கர் கடையில் சாமான் வாங்கினாலும் தண்டனை உண்டு. தேசியவாதம் எதிரியை உண்டாக்குவதற்கு முன் 'நம்மவர்' என்ற ஒரு மனிதனை அடித்து வளைத்து உண்டாக்குகிறது. அதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

சரி, 1960-க்கு வருவோம். எனோசிஸும் இல்லை, தக்சிமும் இல்லை என்று ஏதென்ஸ், அங்காரா, லண்டன் மூன்றும் சேர்ந்து முடிவு செய்து, ஆகஸ்ட் 16 அன்று சைப்ரஸ் தனி நாடானது. ஜனாதிபதி கிரேக்கர், துணை ஜனாதிபதி துருக்கியர், அவருக்கு ரத்து அதிகாரம். அரசு வேலையில் 70க்கு 30, ராணுவத்தில் 60க்கு 40. மக்கள்தொகையில் துருக்கியர் சுமார் 18 சதவீதம் என்பதால் கிரேக்கர்களுக்கு இது அநியாயமாகப் பட்டது. துருக்கியர்களுக்கோ இது உயிர்க்காப்பு. மூன்று வெளிநாடுகள் உத்தரவாதம் தந்தன, தீவின் பரப்பில் 3 சதவீதம் அளவுக்கு பிரிட்டிஷ் ராணுவத் தளங்களாகவே தொடர்ந்தது, இன்றும் தொடர்கிறது. புதிய நாட்டை விரும்பிக் கொண்டாட உள்ளூரில் ஆள் குறைவு. கொண்டாடியவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். குடியரசை ஆதரித்து எழுதிய துருக்கியப் பத்திரிகையாளர்கள் அய்ஹான் ஹிக்மத்தும் முஸாஃபர் குர்கானும் 1962 ஏப்ரலில் ஒரே இரவில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

வரிச் சட்டமும் நகராட்சிப் பிரிவினையும் இழுபறியாகி, 1963 நவம்பரில் மகாரியோஸ் அரசியல் சட்டத்தில் 13 திருத்தங்களை முன்வைத்தார். துருக்கியரின் ரத்து அதிகாரமும் அதில் போய்விடும். டிசம்பர் 21 அன்று நிகோசியாவில் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் 364 துருக்கியர்களும் 174 கிரேக்கர்களும் கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுமார் 25,000 துருக்கிய சைப்ரியர்கள் வீடிழந்து, தீவின் சிறு சிறு மூலைகளில் அடைபட்டு வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். அந்த மூலைகளுக்குச் சிமெண்டும் எரிபொருளும் போகாமல் அரசு தடுத்தது. ஒரு பிரிட்டிஷ் தளபதி வரைபடத்தின் மேல் பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார், நகரம் இரண்டானது. பச்சைக் கோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1964 மார்ச்சில் ஐ.நா. படை வந்தது. அதற்கு முதல் தளபதி இந்தியாவின் ஜெனரல் கியானி, அடுத்தவர் ஜெனரல் திம்மய்யா. திம்மய்யா 1965 டிசம்பரில் பணியிலிருந்தபோது அங்கேயே இறந்தார்.

1965 ஏப்ரல் 11 அன்று நிகோசியா–லார்னகா சாலையில் ஒரு கார் வழிமறிக்கப்பட்டது. உள்ளே துருக்கிய இடதுசாரி தெர்விஷ் அலி கவாசொக்லுவும் அவருடைய கிரேக்கத் தோழர் கோஸ்தாஸ் மிஷாவுலிஸும். இருவரையும் ஒன்றாகச் சுட்டுக்கொன்றார்கள். இந்தப் பெயர்களை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'மக்கள் ஒருவரையொருவர் வெறுத்தார்கள்' என்று பொதுவாகச் சொல்லும்போது, வெறுக்க மறுத்தவர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள்.

1974 பலருக்கும் தெரிந்த கதை. ஏதென்ஸில் ராணுவ ஆட்சி. மகாரியோஸ் எனோசிஸைக் கைவிட்டுவிட்டார் என்று ஆத்திரப்பட்ட அந்த ஆட்சி, ஈயோகா-பி என்ற குழுவின் துணையோடு ஜூலை 15 அன்று அவரைக் கவிழ்த்து நிகோஸ் சாம்ப்சனை உட்காரவைத்தது. துருக்கியரைத் தாக்கியதில் பேர்போனவர் அவர். அந்த முதல் ஐந்து நாட்களில் கிரேக்கர்கள் சுட்டதும் கிரேக்கர்களைத்தான். ஜூலை 20 அன்று துருக்கிப் படை இறங்கியது. 23 அன்று ஏதென்ஸ் ராணுவ ஆட்சியும் சாம்ப்சனும் சேர்ந்து விழுந்தார்கள். உத்தரவாதம் தந்த நாடு என்ற முறையில் வந்ததாகச் சொன்ன துருக்கி, காரணம் தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. ஆகஸ்ட் 14-ல் மறுபடி முன்னேறி, தீவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. முதல் தாக்குதலுக்கு ஒரு நியாயம் சொல்பவர்கள் உண்டு. இரண்டாவதற்கு எந்த நியாயமும் கிடையாது என்பது என் கருத்து.

ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கியர்கள் வடக்கே போனார்கள். அந்த ஆகஸ்டில் தோக்னி என்ற கிராமத்தின் துருக்கிய ஆண்களைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். மராத்தா, சந்தலாரிஸ், அலோதா கிராமங்களில் 126 துருக்கியர்களைக் கொன்று குப்பைக்குழியில் போட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பலேகித்ரோவில் கிரேக்கக் குடும்பங்களை வீட்டோடு சுட்டார்கள். அஸ்ஸியாவிலிருந்து பிடித்துச் சென்ற கிரேக்க ஆண்கள் திரும்பவில்லை. கொன்றவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள் இல்லை.

வடக்கு 1983-ல் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை. அனதோலியாவிலிருந்து குடியேற்றம் தொடர்ந்தது, ஊர்ப் பெயர்கள் மாறின. பென்டாடக்டிலோஸ் மலைச் சரிவில் நிகோசியாவைப் பார்த்தபடி ஒரு பிரம்மாண்டமான கொடி வரையப்பட்டது. தெற்கிலே பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் 'நான் மறக்கமாட்டேன்' என்ற வாசகம், இழந்த ஊர்களின் படத்தோடு. எதை மறக்கமாட்டேன்? தெற்குக்கு 1974-ஐ. வடக்குக்கு 1963-ஐ. 1963 முதல் 1974 வரையிலான அந்தப் பதினோரு ஆண்டுகளைத் தெற்கின் பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போயின. வடக்கில் 2004-ல் வரலாற்றுப் புத்தகங்களை மாற்றி எழுதினார்கள். எதிர்த்தரப்பும் மனிதர்களே என்று காட்டும் புத்தகங்கள் அவை. 2009-ல் ஆட்சி மாறியதும் அவை எடுக்கப்பட்டன. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த விஷயம் இன்னும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை.

2003 ஏப்ரலில் எல்லைக் கடவைகள் திறந்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். போய்த் தங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சிலருக்கு உள்ளே இருந்தவர்கள் பல வருடம் பத்திரமாக வைத்திருந்த குடும்பப் போட்டோக்களை எடுத்துக் கொடுத்தார்கள். பெரிய ரத்தக்களரி நடக்கும் என்று எச்சரித்தவர்கள் சொன்னது பொய்யானது. ஆனாலும் அடுத்த வருடம் ஐ.நா.வின் இணைப்புத் திட்டத்துக்கு வடக்கில் 65 சதவீதம் பேர் சரி என்றார்கள், தெற்கில் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். துருக்கிப் படை எப்போது போகும், சொந்த வீடு திரும்பக் கிடைக்குமா என்ற தெற்கின் சந்தேகத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 2017-ல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் நடந்த பேச்சும் அந்த இடத்திலேயே உடைந்தது.

மீண்டும் சேர்வார்களா என்று அடுத்து கேட்பீர்கள். தலைவர்களின் பேச்சுவார்த்தையைவிட இரண்டு வேலைகளை நான் கவனிக்கிறேன். ஒன்று நிகோசியாவின் சாக்கடை. 1970களின் கடைசியில், தொலைபேசித் தொடர்புகூட இல்லாத நிலையில், கிரேக்கப் பகுதி மேயர் லெல்லோஸ் டிமிட்ரியாடிஸும் துருக்கியப் பகுதி மேயர் முஸ்தபா அகின்சியும் ஒரே கழிவுநீர்த் திட்டத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே சாய்கிறது, நிலத்தை மாற்ற முடியாது. இன்றும் இரண்டு பகுதிகளிலிருந்தும் கழிவுநீர் வடக்கில் உள்ள ஒரு பொது நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது.

இன்னொன்று காணாமல் போனவர்களைத் தேடுவது. 1963 முதல் 1974 வரை காணாமல் போனவர்கள் பட்டியலில் 2,002 பெயர்கள், 1,510 கிரேக்கர், 492 துருக்கியர். 2006 முதல் இரு சமூகத்து விஞ்ஞானிகளும் சேர்ந்து தோண்டுகிறார்கள். நிகோசியாவின் பழைய விமான நிலையப் பகுதியில் உள்ள ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று எலும்புகளை அடுக்குகிறார்கள். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டு வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். எங்கே தோண்டுவது என்று எப்படித் தெரிகிறது? துருக்கிய சைப்ரியப் பத்திரிகையாளர் செவ்குல் உலுதாக், தெரிந்தவர்கள் பெயர் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்று வருடக்கணக்கில் எழுதிவந்தார், அதற்காக மிரட்டல்களும் வாங்கினார். அவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தொலைபேசி அழைப்புகள் வந்தன. தங்கள் ஆட்கள் கொன்று புதைத்த எதிர்த்தரப்புக்காரர்களின் இடத்தை, இந்தக் கிணறு, அந்த மரத்தடி என்று, நாற்பது வருடம் கழித்துச் சொன்னார்கள் ஊர்க் கிழவர்கள்.